பிறரைப் பேணுவோரின் ஆற்றல் வறட்சி: அதனை இனங்காணும் முறை

ஓர் ஊரில் நோயுற்றோர் எத்தனை பேர் என்று வினவினால், சுகாதாரப் பணியாளரின் பதிவேட்டில் விடை கிடைக்கும். அந்நோயுற்றோரை இரவும் பகலும் பேணுவோர் யாவர், அவர்களுடைய உடலும் உள்ளமும் எந்நிலையில் உள்ளன என்று வினவினால், பெரும்பாலும் விடை கிடைப்பதில்லை. பக்கவாதத்தால் படுத்துவிட்ட மாமியாருக்கு மூன்றாண்டுகளாக உணவூட்டி வரும் மருமகள், அறிவு வளர்ச்சி குன்றிய மகனை விட்டு இருபது ஆண்டுகளாக அகலாத தாய், மறதி நோயுற்ற கணவரைத் தேடித் தெருத்தெருவாய் அலையும் முதிய மனைவி, வீடுவீடாகச் சென்று பிறர் துயரைக் கேட்டுவரும் 'ஆஷா' பணியாளர், மருத்துவமனைச் செவிலியர் ஆகிய அனைவரும் பிறரைப் பேணுவோரே. இவர்களுள் ஒருவர் தளர்ந்து வீழ்ந்தால், ஒரு நோயாளி இருந்த வீட்டில் இருவர் ஆகின்றனர். அவ்விருவரையும் பேண அங்கு எவரும் இல்லாமற் போகின்றனர்.

இத்தளர்ச்சி திடீரெனத் தோன்றுவதன்று. பல வாரங்களுக்கு முன்னரே அதன் அறிகுறிகள் வெளிப்படும். எனினும் அவ்வறிகுறிகளுள் சில, நோயின் அடையாளம் போலத் தோன்றாமல் குணக்கேடு போலத் தோன்றுவதால், உதவி கிடைக்கவேண்டிய நேரத்தில் பழியே கிடைக்கிறது. இதனைத் தவிர்க்கக் களப்பணியாளரும் ஆசிரியரும் அறிந்திருக்க வேண்டியவை இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன.

சொல்லும் பொருளும்

நியூயார்க் நகரில் ஏழைகளுக்கும் இளைஞர்களுக்கும் உதவிய இலவச மருத்துவ நிலையம் ஒன்றில் பணிபுரிந்த தொண்டர்களை உளவியல் அறிஞர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் கூர்ந்து கவனித்தார். ஊக்கத்தோடு பணியேற்றவர்கள் காலப்போக்கில் களைப்பும் சினமும் வெறுப்பும் மேலிட்டுச் செயலிழப்பதைக் கண்டு, 1974-ஆம் ஆண்டில் அந்நிலையைப் பற்றி எழுதினார். அதற்கு அவர் வழங்கிய பெயர் 'பர்ன்-அவுட்' என்பதாகும். எண்ணெய் தீர்ந்து திரி கருகுதலை ஒத்த நிலை என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். இக்கட்டுரையில் அது 'ஆற்றல் வறட்சி' எனப்படுகிறது. கடமையில் மிகுந்த ஈடுபாடு உடையவரே இதற்கு எளிதில் ஆளாகின்றனர் என்பது அவர் கண்ட முக்கியமான உண்மை.

பின்னர் கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சன் ஆகியோர் 1981-ஆம் ஆண்டில் இந்நிலையை அளப்பதற்கு 22 கூற்றுகள் கொண்ட ஓர் அளவையை வெளியிட்டனர். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பு 2019-இல் ஏற்கப்பெற்று, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் ஆற்றல் வறட்சி ஒரு நோயாகக் கருதப்படவில்லை. பணியிடத்தில் நெடுங்காலம் நீடித்து, உரியவாறு கையாளப்படாத அழுத்தத்தின் விளைவாகத் தோன்றும் தொழில்சார் நிலை என்றே அது வரையறுக்கப்பட்டுள்ளது.

இவ்வரையறை ஊதியம் பெறும் பணிக்கு மட்டுமே உரியது. இல்லத்தில் உறவினரைப் பேணுவோரின் நிலையை அறிஞர்கள் 'பராமரிப்புச் சுமை' என்று வேறு பெயரால் ஆராய்கின்றனர். அதனை அளக்க ஸ்டீவன் சாரிட் என்பவரும் அவருடைய துணைவரும் 1980-இல் வகுத்த வினாத்தொகுதி, பின்னர் 22 வினாக்களாகச் சுருக்கப்பட்டுப் பல நாடுகளில் வழக்கில் உள்ளது. பெயர்கள் வேறாயினும் செவிலியரிடத்தும் மருமகளிடத்தும் காணப்படும் அறிகுறிகள் பெரிதும் ஒத்திருப்பதால், களப்பணியில் இரண்டையும் சேர்த்து நோக்குவது பயனுடையது.

ஆற்றல் வறளும் வகை

கிணற்றில் ஊறும் நீரினும் இறைக்கும் நீர் மிகுமாயின், முதல் நாளில் எம்மாற்றமும் தெரிவதில்லை. சில வாரங்களில் நீர்மட்டம் தாழ்கிறது. அதன்பின் சேறு கலந்த நீர் வருகிறது. சேற்று நீரைக் கண்டு உழவர் கிணற்றைத் திட்டுவதில்லை. இறைப்பைக் குறைத்து ஊற்றுக்கு அவகாசம் தருகின்றனர். பேணுவோரின் ஆற்றலும் இத்தகையதே. உறக்கம், உணவு, ஓய்வு, பிறருடன் உரையாடல், செய்த பணிக்குக் கிடைக்கும் நன்மொழி ஆகியவை ஊற்றுக்கண்கள். இரவில் விழித்தெழுதல், நோயாளியைத் தூக்குதல், பணக்கவலை, நோயாளியின் துயரைக் கண்டு வருந்துதல் ஆகியவை இறைப்பு. செலவு வரவை மிஞ்சும் நிலை நாள்தோறும் நீடித்தால் வறட்சி உறுதியாகிறது.

இது வெறும் உவமை மட்டுமன்று. உடலிலும் இதன் விளைவைக் காணலாம். அழுத்தம் நீடிக்கும்போது அட்ரீனல் சுரப்பிகளிலிருந்து வெளிப்படும் கார்ட்டிசால் என்னும் இயக்குநீரின் இயல்பான ஒழுங்கு குலைகிறது. உடலின் நோய் எதிர்ப்பாற்றலும் பாதிக்கப்படுகிறது. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசரும் அவருடைய குழுவினரும் செய்து 1995-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதனைத் தெளிவாகக் காட்டுகிறது. மறதி நோயுற்ற உறவினரைப் பேணிவந்த 13 பெண்களுக்கும், வயதிலும் வருவாயிலும் அவர்களை ஒத்த வேறு 13 பெண்களுக்கும் முன்கையில் 3.5 மில்லிமீட்டர் அளவுள்ள ஒரே வகையான சிறு காயம் உண்டாக்கப்பட்டது. பின்னவர்க்குக் காயம் ஆறச் சராசரியாக 39 நாட்கள் ஆயின; பேணுவோர்க்கு 49 நாட்கள் ஆயின.

ரிச்சர்டு ஷுல்ஸ், ஸ்காட் பீச் ஆகியோர் 1999-இல் வெளியிட்ட மற்றோர் அமெரிக்க ஆய்வு, 66 வயதும் அதற்கு மேலும் ஆன தம்பதியரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து நோக்கியது. துணைவரைப் பேணுவதால் தமக்குத் துன்பம் உண்டு எனக் கூறியவர்கள் இறக்கும் வாய்ப்பு, பேணும் பொறுப்பு இல்லாதவர்களைவிட 63 விழுக்காடு மிகுந்திருந்தது. பேணியும் அதனைச் சுமையாக உணராதவர்களிடம் அத்தகைய மிகுதி காணப்படவில்லை. ஆகவே பேணுதல் என்னும் செயல் தானே தீங்கு விளைவிப்பதில்லை. அது தாங்கவொண்ணாச் சுமையாக மாறும் இடத்தைக் கண்டறிவதே வேண்டுவது.

நம் நாட்டில் இச்சுமை யார்மீது மிகுதியாக விழுகிறது என்பதற்கும் சான்று உண்டு. 2019-ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டிலுள்ள குழந்தைகள், முதியோர், நோயுற்றோர் ஆகியோரை ஊதியமின்றிப் பேணும் பணியில் பெண்களுள் 27.6 விழுக்காட்டினரும் ஆண்களுள் 14 விழுக்காட்டினரும் ஈடுபட்டிருந்தனர். அவ்வாறு ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 134 நிமிடங்களும், ஆண்கள் 76 நிமிடங்களும் அதில் செலவிட்டனர். சமையல், துப்புரவு முதலிய வீட்டுவேலைகள் இக்கணக்கில் சேரா.

மூவகை அறிகுறிகள்

ஆற்றல் வறட்சியின் அறிகுறிகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, களைப்பு. இக்களைப்பு ஓரிரவு உறங்கியதும் தீர்வதில்லை. காலையில் எழும்போதே உடல் கனக்கிறது. தலைவலி, முதுகுவலி, செரியாமை அடிக்கடி நேர்கின்றன. உறங்க வாய்ப்புக் கிடைத்தாலும் உறக்கம் வருவதில்லை. தம் உணவையும் தம் மருந்தையும் பேணுவோர் மறந்துவிடுகின்றனர்.

இரண்டாவது, விலகல். முன்பு நோயாளியின் பெயரைச் சொல்லி அன்போடு பேசியவர் இப்பொழுது வேண்டிய அளவிற்கு மேல் பேசுவதில்லை. குரலில் கடுமை ஏறுகிறது. "எவ்வளவு செய்தாலும் இவர்களுக்குப் போதாது" என்னும் சொல் அடிக்கடி வெளிப்படுகிறது. கைகள் பணியைச் செய்கின்றன. முகம் அதில் கலந்துகொள்வதில்லை.

மூன்றாவது, பயனின்மை உணர்வு. தாம் செய்வதால் எந்நன்மையும் இல்லை என்ற எண்ணம் வேரூன்றுகிறது. எளிய பணிகளிலும் தவறுகள் நேர்கின்றன. மருந்தின் வேளை தவறுகிறது. பதிவேடு நிரப்பப்படாமல் கிடக்கிறது. அத்தவறுகளைக் கண்டு குற்றவுணர்ச்சி மிகுகிறது. குற்றவுணர்ச்சியால் ஓய்வெடுக்க அஞ்சுகின்றனர். ஓய்வின்மையால் மேலும் தவறுகின்றனர்.

இம்மூன்றும் ஒரே ஒழுங்கில் எல்லோரிடத்தும் தோன்றும் என்பதில்லை. ஒருவரை மற்றொருவரோடு ஒப்பிடுவதைவிட, அவரையே ஆறு மாதங்களுக்கு முன்பிருந்த அவரோடு ஒப்பிடுவதே நம்பத்தக்க முறை. இயல்பாகவே குறைவாகப் பேசுபவர் பேசாதிருப்பது அறிகுறியன்று; கலகலப்பாகப் பேசியவர் பேசாதிருப்பதே அறிகுறி.

குணக்கேடு எனத் தோன்றுவது

மூன்றனுள் மிகவும் தவறாக உணரப்படுவது விலகல். களைப்புற்றவரைக் கண்டால் இரக்கம் பிறக்கிறது. கடுமையாகப் பேசுபவரைக் கண்டால் வெறுப்புப் பிறக்கிறது. எனினும் கடுமை, பல வேளைகளில், களைப்பின் அடுத்த படியே ஆகும். இனியும் துயரைத் தாங்கவியலாத உள்ளம் தன்னைக் காத்துக்கொள்ள இடையில் ஒரு சுவரை எழுப்பிக்கொள்கிறது.

இலண்டன் மாநகரப் பயிற்சி மருத்துவமனை ஒன்றின் செவிலியரை ஆராய்ந்து இசபெல் மென்ஸிஸ் 1960-இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கு ஒரு செவிலியர் ஒரு நோயாளியை முழுமையாகப் பேணுவதில்லை. பலருக்கும் ஒரே வகையான சிறு பணியைச் செய்து நகர்வார். நோயாளிகள் பெயரால் அன்றிப் படுக்கை எண்ணாலும் நோயுற்ற உறுப்பாலும் குறிக்கப்பட்டனர். துன்பத்தையும் மரணத்தையும் நாள்தோறும் எதிர்கொள்வதால் எழும் அச்சத்திலிருந்து செவிலியரைக் காக்கும் அரணாகவே இவ்வழக்கங்கள் உருவாகியிருந்தன என்று அவர் விளக்கினார். அவ்வரண் உண்மையில் அச்சத்தைத் தீர்க்கவில்லை; பணியின் நிறைவை மட்டும் பறித்தது என்பதும் அவர் கண்ட முடிவு.

இதனால் கடுஞ்சொல்லும் புறக்கணிப்பும் பொறுத்துக்கொள்ளத்தக்கவை என்று கொள்ளலாகாது. படுக்கைப் புண், உணவின்மை, அடித்த தழும்பு ஆகியவை காணப்பட்டால் நோயாளியின் பாதுகாப்பே முதற்கடமை; உடனே மேலதிகாரிக்கும் மருத்துவருக்கும் தெரிவித்தல் வேண்டும். ஆயினும் அத்துடன் நின்று பேணுவோரைக் கண்டித்துவிட்டுத் திரும்பினால் காரணம் அப்படியே எஞ்சிநிற்கும். "இவர் ஏன் இப்படி நடந்தார்?" என்னும் வினாவோடு "இவர் எத்தனை நாளாகத் தனியாகச் சுமக்கிறார்?" என்னும் வினாவையும் எழுப்புதல் வேண்டும்.

பிரித்தறிய வேண்டியவை

ஆற்றல் வறட்சி என்று முடிவு கட்டுமுன் உடற்காரணங்களை ஆராய்தல் இன்றியமையாதது. தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி (2019-21), 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களுள் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர். இரத்தசோகை, தைராய்டு சுரப்புக் குறைவு, நீரிழிவு, காசநோய் ஆகியவையும் தீராக் களைப்பைத் தருவன. எனவே இரத்தப் பரிசோதனைக்கு அனுப்புவது முதற்படியாதல் வேண்டும்.

அடுத்து, மனச்சோர்வு நோயினின்று இதனைப் பிரித்தறிய வேண்டும். ஆற்றல் வறட்சி பெரும்பாலும் பேணும் பணியைச் சுற்றியே அமைகிறது. பணியிலிருந்து சில நாட்கள் விலகினால் பழைய முகமலர்ச்சி ஓரளவு திரும்பும். மனச்சோர்வு நோயிலோ, திருவிழாவும் பேரக்குழந்தையும் கூட மகிழ்ச்சி தருவதில்லை. துயரமோ எதிலும் நாட்டமின்மையோ இரண்டு வாரங்களுக்குமேல் நாள்தோறும் நீடித்தால் மருத்துவரைக் காணச் செய்தல் வேண்டும். ஒன்று மற்றொன்றாக முற்றுவதும் உண்டு. ஆதலின் ஐயமிருப்பின் மருத்துவரிடம் அனுப்புவதே முறை.

"நான் போய்விட்டால் எல்லோருக்கும் நிம்மதி" என்பது போன்ற சொற்களை வெறும் அலுப்பு என்று விட்டுவிடலாகாது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா என்று நேராகவே, கனிவோடு கேட்கலாம். அவ்வாறு கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாக உண்டாவதில்லை. விடை ஐயத்திற்கு இடமளித்தால் அவரைத் தனியே விடாமல் மருத்துவ உதவி பெறச் செய்தல் வேண்டும். மைய அரசு 2022 அக்டோபர் 10-இல் தொடங்கிய 'டெலி மானஸ்' என்னும் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

இல்லத்தில் வினவும் முறை

"நலமா?" என்று கேட்டால் "நலம்" என்ற விடையே வரும். மாமியாரின் கட்டிலருகே மருமகளிடம் "சிரமமாக இருக்கிறதா?" என்று கேட்டால், இல்லை என்பதன்றி வேறு விடை கூற அவரால் இயலாது. எனவே தனியே, தண்ணீர் எடுக்கும் இடத்திலோ திண்ணையிலோ, எண்ணிச் சொல்லத்தக்க வினாக்களைக் கேட்டல் நலம்.

"நேற்று இரவு எத்தனை முறை எழ வேண்டியிருந்தது, அம்மா?"
"இடையில் எழாமல் கடைசியாக ஓர் இரவு முழுவதும் தூங்கியது எப்போது?"
"ஒரு நாள் உங்களுக்குப் பதிலாகப் பார்த்துக்கொள்ள யார் வருவார்கள்?"
"உங்கள் சொந்த வேலைக்காக வெளியே போய் எத்தனை நாளாயிற்று?"
"உங்கள் மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுகிறீர்களா?"

இவற்றிற்கு வரும் விடைகள் பழி சுமத்துவன அல்ல. ஆகவே மறைக்கப்படுவதும் குறைவு. இரவில் மூன்று முறைக்குமேல் எழுகிறார், மாற்றாள் இல்லை, தம் மருந்தை நிறுத்திவிட்டார் என்று தெரியுமாயின், முகத்தில் புன்னகை இருப்பினும் கிணறு வற்றிக்கொண்டிருக்கிறது என்று உணரலாம்.

ஆசிரியர் காணத்தக்கது

பேணுவோருள் சிறுவரும் உளர். அடிக்கடி தாமதமாக வரும் மாணவி, முதற்பாடத்திலேயே உறங்கிவிடும் மாணவன், வீட்டுப்பாடத்தை முடிக்காமல் காரணமும் கூறாதவர் ஆகியோருள் சிலர், நோயுற்ற தாயையோ பாட்டியையோ கவனித்துவிட்டுப் பள்ளிக்கு வருவோராக இருக்கக்கூடும். சோம்பல் என்று தண்டிக்குமுன், காலையில் வீட்டில் அவர் செய்யும் வேலைகளைத் தனியே கேட்டறிதல் ஆசிரியரின் கடமை. அவர் கூறியதைப் பிற மாணவர் முன் வெளிப்படுத்தலாகாது. ஊர்ச் சுகாதாரப் பணியாளருக்குத் தெரிவித்து, அவ்வில்லத்திற்கு உதவி சேர்ப்பதே படிப்பு இடைநிற்காமல் காக்கும் வழி.

செய்யத்தக்கன

"பொறுமையாக இருங்கள்" என்னும் அறிவுரை இங்குப் பயன்படாது. பொறுமையே பெரிதும் செலவாகிவிட்ட பொருள். இறைப்பைக் குறைப்பதும் ஊற்றைத் திறப்பதுமே மருந்து.

முதலில், மாற்றாள் ஒருவரை ஏற்படுத்த முயல வேண்டும். மகன், மைத்துனர், அடுத்த வீட்டார் ஆகியோரை அமரவைத்து, எந்நாளில் எவ்வேளை எவர் பொறுப்பு என்று பெயரிட்டு வகுத்தல் நலம். "தேவைப்பட்டால் சொல்லுங்கள்" என்பது உதவியாகாது. "செவ்வாயும் வெள்ளியும் மாலை நான்கு முதல் ஆறு வரை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பதே உதவி.

இரண்டாவதாக, பணியின் நுட்பத்தைக் கற்பித்தல் வேண்டும். படுத்த நோயாளியை முதுகு வலிக்காமல் புரட்டும் முறை, விரிப்பை மாற்றும் முறை, குழாய்வழி உணவூட்டும் முறை ஆகியவற்றைச் செவிலியர் ஒருமுறை செய்துகாட்டினால் நாள்தோறும் ஆற்றல் மிச்சமாகும். இந்நாட்டில் இதற்கு முன்னோடி உண்டு. அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் மருத்துவர் வித்யா சாகர் 1950-களில் நோயாளிகளின் குடும்பத்தினரை வளாகத்திலேயே கூடாரங்களில் தங்கச் செய்து, நோயின் தன்மையையும் பேணும் முறையையும் அவர்களுக்குக் கற்பித்தார்.

மூன்றாவதாக, ஊரின் துணையைத் திரட்டல் வேண்டும். கோழிக்கோட்டில் 1993-இல் தொடங்கிய நோய்த்துயர் தணிப்புப் பணி, பின்னர் கேரளத்தின் பல பகுதிகளில் அக்கம்பக்கத்துத் தொண்டர்களின் வலையமைப்பாக வளர்ந்தது. பயிற்சி பெற்ற தொண்டர்கள் வாரந்தோறும் சில மணி நேரம் ஒதுக்கி நோயாளியின் வீட்டிற்குச் சென்று, பேணுவோர்க்கும் துணையாயினர். பெரும்பொருட் செலவின்றி எவ்வூரிலும் தொடங்கத்தக்க முறை இது.

பணியாளர் தம்மை நோக்குதல்

இவற்றையெல்லாம் பிறரிடம் தேடும் களப்பணியாளர் தாமும் பேணுவோரே. அங்கன்வாடித் திட்டம் 1975-இலும் ஆஷா திட்டம் 2005-இலும் தொடங்கப்பெற்றன. ஏறத்தாழ ஆயிரம் மக்களுக்கு ஓர் ஆஷா என்னும் கணக்கில் பணிபுரிவோர், மாலையில் தம் வீட்டிலும் அதே பணியைத் தொடர்கின்றனர். ஒரு பணியாளரின் பதிவேடு திடீரெனப் பின்தங்கினால், மேற்பார்வையாளர் விளக்கம் கோரும் குறிப்பாணை அனுப்புமுன் நேரில் சென்று காணுதல் வேண்டும். மாதாந்தரக் கூட்டத்தில் அரைமணி நேரத்தைக் கணக்குகளுக்கன்றிக் கடினமான இல்லங்களைப் பற்றிப் பேசுவதற்கு ஒதுக்கலாம். மிகக் கடினமான இல்லங்களை ஒருவரிடமே விடாமல் மாறிமாறிப் பகிரலாம். உரிய விடுப்பைக் கேட்பவர் கடமையில் குறைந்தவர் என்னும் எண்ணம் அகலவேண்டும்.

அடுத்த முறை இல்லப் பார்வைக்குச் செல்லும்போது, நோயாளியின் பெயருக்கு நேரே பேணுவோரின் பெயரையும், அவருக்கு மாற்றாள் உண்டா இல்லையா என்பதையும் பதிவேட்டின் ஓரத்தில் குறித்துக்கொள்ளலாம். 'இல்லை' என்று குறிக்கப்பட்ட இல்லங்களே முதலில் மீண்டும் செல்லவேண்டியவை.

கூட்டத்திலும் வகுப்பிலும் கலந்துரையாடுவதற்குரிய வினாக்கள்

1. ஆற்றல் வறட்சி, இரத்தசோகை, மனச்சோர்வு நோய் ஆகிய மூன்றிலும் களைப்புக் காணப்படும். இவற்றைப் பிரித்தறிய என்னென்ன செய்ய வேண்டும்?
2. பேணுவோரின் கடுஞ்சொல்லைக் கேட்ட பணியாளர் நோயாளிக்காகச் செய்யவேண்டியது யாது? பேணுவோர்க்காகச் செய்யவேண்டியது யாது?
3. உங்கள் ஊரில் மாற்றாள் இன்றிப் பேணுவோர் எத்தனை பேர்? அவர்களுக்கு வாரத்தில் இரண்டு மணி நேரம் உதவக்கூடியவர் யாவர்?